ஆலயத்துக்குள் எழுந்த பொய்

திருச்சபை வரலாற்றுத் தொடர் - அத்தியாயம் 27

1933 நவம்பர் 13, பெர்லின். விளையாட்டுப் போட்டிகளுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் பேர்போன ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் அன்றிரவு சுமார் 20,000 பேர் கூடியிருந்தார்கள். மார்ட்டின் லுத்தர் பிறந்து 450 ஆண்டுகள் நிறைவதை நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். கூட்டத்தைக் கூட்டியவர்கள் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்ட இயக்கத்தார். அந்த இயக்கத்தின் பெர்லின் தலைவரும் பள்ளி ஆசிரியருமான ரைன்ஹோல்ட் கிரவுசே பேச எழுந்தார். பழைய ஏற்பாட்டை அதன் கால்நடை வியாபாரிகளின் கதைகளோடு தூக்கியெறிய வேண்டும் என்றார். புதிய ஏற்பாட்டிலிருந்து 'ரப்பி பவுலின்' பலிக்கடா உபதேசத்தை அகற்ற வேண்டும் என்றார். சிலுவையில் நொறுங்கிய இயேசுவைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசியது போதும், ஜெர்மானியருக்கு வேண்டியவர் வீரரான இயேசுவே என்றார்.

அரங்கம் கைதட்டியது. அங்கே அமர்ந்திருந்த திருச்சபைத் தலைவர்களில் ஒருவரும் எழுந்து மறுத்துப் பேசவில்லை.

துன்புறுத்தப்பட்ட சபைகளைப் பற்றி இந்தத் தொடரில் பல அத்தியாயங்கள் எழுதியாகிவிட்டது. ரோமைப் பேரரசர்களான நீரோவும் டயோக்ளேஷியனும் வெளியிலிருந்து அடித்தார்கள். சபை சிதறியது, பிறகு வளர்ந்தது. இந்த அத்தியாயத்தில் ஆபத்து உள்ளேயிருந்தே வருகிறது. பாட்டுப் புத்தகத்தோடும் ஞானஸ்நானத் தொட்டியோடும் பேராயரின் அங்கியோடும் வருகிறது. எழுதக் கடினமான அத்தியாயம் இது.

வஞ்சகம் பற்றிப் புதிய ஏற்பாடு பல இடங்களில் எச்சரிக்கிறது. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்களைப் பற்றி மத்தேயுவில் இயேசு சொல்கிறார். ஆவிகளைச் சோதித்துப் பாருங்கள் என்று யோவானின் முதலாம் நிருபம் கட்டளையிடுகிறது. ஆனால் மிகக் கடுமையான வார்த்தை தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கெட்டுப்போகிறவர்கள் சத்தியத்தின் மேல் அன்பு கொள்ள மறுத்தார்கள். அதனால்தான் பொய்யை நம்பும்படியான வஞ்சகத்துக்குத் தேவன் அவர்களை விட்டுவிட்டார் என்பது அந்தப் பகுதியின் கருத்து. அதில் உள்ள வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மறுப்பு, அதன்பிறகே மயக்கம். ஒன்றும் அறியாத அப்பாவியைப் பொய் வந்து பிடித்துக்கொண்டது என்று அப்போஸ்தலன் சொல்லவில்லை. சத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அது பிடிக்கவில்லை, ஆகவே பொய் பிடித்துப்போயிற்று என்கிறார். 'கடவுளின் நகரம்' என்ற நூலின் இருபதாம் புத்தகத்தில் இந்தப் பகுதியை விளக்கிய அகஸ்டினும் இதையே சொன்னார்: வஞ்சிக்கப்படுவதே அவர்கள் மேல் ஏற்கெனவே வந்துவிட்ட தீர்ப்பு.

பழைய ஏற்பாட்டிலும் இதே வரிசைதான். ராமோத் கீலேயாத்தின் மேல் படையெடுக்க ஆகாப் ராஜா தீர்மானித்துவிட்ட பிறகே தீர்க்கதரிசிகளைக் கூப்பிட்டான். சுமார் 400 பேர் வெற்றி நிச்சயம் என்றார்கள். மிகாயா ஒருவன் மட்டும் தோல்வியைச் சொன்னான். அவனை ராஜாவுக்கு முன்பே பிடிக்காது, தனக்கு நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டான் என்று. கிரவுசே பழைய ஏற்பாட்டைத் தூக்கியெறியச் சொன்னபோது மிகாயாவின் கதையும் அதோடு சேர்ந்தே போயிருக்கும்.

அப்படியானால் வரலாற்றை எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஜெர்மனியின் சபை எந்தச் சத்தியத்தை, எப்போது மறுத்தது?

1933-இல் தேடினால் விடை கிடைக்காது. 1914-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்து லூவேன் நகரத்தைக் கொளுத்தியது. அங்கிருந்த பல்கலைக்கழக நூலகம் சாம்பலானது. அக்டோபரில் ஜெர்மனியின் பெரும் அறிஞர்கள் 93 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். எங்கள் படைகள் கொடுமை எதுவும் செய்யவில்லை, சொல்லப்படுவதெல்லாம் பொய் என்றது அது. கையெழுத்திட்டவர்களில் அடால்ஃப் ஹார்னாக் இருந்தார், வில்ஹெல்ம் ஹெர்மன் இருந்தார். உலகமே மதித்த இறையியல் ஆசான்கள். சுவிட்சர்லாந்தின் ஸாஃபன்வில் என்ற சிற்றூரில் போதகராயிருந்த அவர்களுடைய மாணவர் ஒருவர் அந்தப் பெயர்களைப் படித்து நிலைகுலைந்தார். தாம் அவர்களிடம் கற்ற இறையியல் முழுவதும் அன்றே ஆட்டங்கண்டது என்று பின்னாளில் சொன்னார். அவர் பெயர் கார்ல் பார்ட். 20 ஆண்டுகள் கழித்து அவரை மறுபடி சந்திப்போம்.

1918-இல் நடந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கைசர் முடிதுறந்தார், படை தோற்றது. லுத்தரின் காலத்திலிருந்து அரசரே தலைவராக இருந்து நடத்திய சபைக்கு ஒரே வாரத்தில் தலை இல்லாமல் போயிற்று. போர்க்களத்தில் தோற்றோம் என்பது வெளிப்படையான உண்மை. ஆனால் படை தோற்கவில்லை, உள்ளிருந்த துரோகிகள் முதுகில் குத்தினார்கள் என்ற கதை பரவியது. பிரசங்க பீடங்களிலும் ஏறியது. துரோகிகள் யார் என்று கேட்டால் விரல் யூதர் பக்கம் நீண்டது. நிதானமான, பக்தியுள்ள, ஜெபிக்கிற மனிதர்கள் ஞாயிறுதோறும் இந்தப் பொய்யின் நிழலில் உட்கார்ந்து ஆராதித்தார்கள். என் பார்வையில் சபையின் வீழ்ச்சி தொடங்கிய இடம் இதுதான். ஸ்போர்ட்பலாஸ்ட் கூட்டம் அதன் அறுவடை.

1932-இல் வேலையற்றோர் தொகை 60 லட்சத்தை எட்டியிருந்தது. அந்த ஆண்டு 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' இயக்கம் யோவாக்கிம் ஹோசன்ஃபெல்டர் என்ற போதகரின் தலைமையில் எழுந்தது. இயேசு கிறிஸ்துவின் அதிரடிப்படை என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். இனம், மக்கள், தேசம் ஆகியவை தேவன் கொடுத்த படைப்பின் ஒழுங்குகள், அவற்றைக் கலப்பில்லாமல் காப்பது பக்தியின் கடமை என்பது அவர்கள் போதனை. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது சபையில் பலருக்கு அது தேவனுடைய செயலாகவே தெரிந்தது. குடிக்கும் கடவுள் மறுப்புக்கும் எதிராகப் பேசுகிறார், தேசத்தைத் தூக்கி நிறுத்துகிறார், 'நேர்மறைக் கிறிஸ்தவம்' என்று அவர் கட்சியின் கொள்கை அறிக்கையிலேயே இருக்கிறதே என்றார்கள். போதகர் மார்ட்டின் நீமோல்லர் கூட நாஜிக் கட்சிக்கே வாக்களித்திருந்தார். பின்னாளில் அதே ஹிட்லர் அவரைச் சிறையில் அடைத்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜூலை 23-இல் சபைத் தேர்தல். முந்தைய இரவு ஹிட்லரே வானொலியில் பேசி 'ஜெர்மன் கிறிஸ்தவர்'களுக்கு ஆதரவு கேட்டார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அவர்களுக்கு விழுந்தது. யாரும் துப்பாக்கி முனையில் வாக்களிக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர்கள் ஆலயத்துக்கு வந்து போட்ட வாக்குகள் அவை. செப்டம்பரில் பழைய பிரஷ்யச் சபையின் பொதுச் சினாடு கூடியது. பிரதிநிதிகள் பலர் கட்சியின் பழுப்புச் சட்டையிலேயே வந்தார்கள். யூத வழிவந்தவர்களும் யூத வழிவந்தவரை மணந்தவர்களும் போதகராக இருக்கக் கூடாது என்ற 'ஆரியப் பிரிவு' நிறைவேறியது. வெஸ்ட்ஃபாலியாவின் தலைவர் கார்ல் கோக் மறுத்துப் பேச முயன்றார். கூச்சலிட்டு அவர் வாயை அடைத்தார்கள். அவரும் அவரோடு இருந்தவர்களும் மண்டபத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த மாத இறுதியில், லுத்தரின் விட்டன்பெர்க் நகரத்தில், ஹிட்லரின் நம்பிக்கைக்குரிய படைத்துறைப் போதகர் லூட்விக் முல்லர் தேசத்தின் பேராயராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

ஆரியப் பிரிவால் பதவி இழக்கக் கூடியவர்கள் நாட்டின் சுமார் 18,000 போதகர்களில் சில பத்துப் பேர்தான். சிலருக்காக எதற்கு இவ்வளவு சண்டை என்று அன்று பலர் கேட்டார்கள். இன்றும் சிலர் அப்படிக் கேட்கக் கூடும். ஞானஸ்நானம் ஒருவனைக் கிறிஸ்துவுக்குள் கொண்டுவருகிறதா இல்லையா என்பதே அங்கே எழுந்த கேள்வி. இரத்தம் அதற்கு மேலானது என்று சபை தீர்மானித்தால், அந்த நாளிலிருந்து அது வேறொரு கடவுளின் சபை. பெர்லினில் 27 வயது இளம் விரிவுரையாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் இதை அந்த ஆண்டு ஏப்ரலிலேயே எழுதிவிட்டார். அரசின் சக்கரத்தில் நசுங்குகிறவர்களுக்குக் கட்டுப்போடுவதோடு சபையின் கடமை முடியாது, சக்கரத்தையே நிறுத்த வேண்டிய நேரம் வரலாம் என்ற அளவுக்குப் போனார்.

பொய்யை நம்பியவர்கள் படிக்காதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கெர்ஹார்ட் கிட்டல், டூபிங்கன் பேராசிரியர். அவர் தொடங்கிப் பதிப்பித்த புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதி இன்றும் உலகெங்கும் இறையியல் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. 1933-இல் அவரே 'யூதப் பிரச்சினை' பற்றி ஒரு நூல் எழுதி, யூதரை அந்நியராக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று வாதாடினார். கோட்டிங்கனில் இமானுவேல் ஹிர்ஷ், எர்லாங்கனில் பவுல் ஆல்ட்ஹவுஸ், வெர்னர் எலர்ட். கிரேக்கமும் எபிரெயமும் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சத்தியத்தைப் படிப்பது ஒன்று, நேசிப்பது இன்னொன்று என்பதற்கு இவர்களைவிடத் துயரமான சாட்சிகள் எனக்குத் தெரியாது.

ஸ்போர்ட்பலாஸ்ட் கூட்டம் ஒரு விதத்தில் நன்மை செய்தது. அதுவரை தயங்கிய போதகர்கள் பலர் கிரவுசேயின் பேச்சைப் பத்திரிகையில் படித்துத் திடுக்கிட்டார்கள். முல்லர் அவசரமாகக் கிரவுசேயைப் பதவியிலிருந்து நீக்கினார்; ஹோசன்ஃபெல்டரும் விலக நேர்ந்தது. ஆரியப் பிரிவை எதிர்க்க நீமோல்லர் செப்டம்பரில் தொடங்கியிருந்த போதகர் அவசரக் கூட்டணியில் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 6,000 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

1934 மே மாதம், பொய்யை மறுக்கும் விசுவாச அறிக்கை ஒன்றை எழுத ஃபிராங்க்ஃபர்ட்டின் ஒரு விடுதியில் மூவர் கூடினார்கள். லுத்தரன் தரப்பில் தோமாஸ் பிரைட், ஹான்ஸ் ஆஸ்முசன். சீர்திருத்தச் சபைத் தரப்பில், அப்போது பான் நகரப் பேராசிரியராயிருந்த கார்ல் பார்ட். மதிய உணவுக்குப் பின் மற்ற இருவரும் படுத்துத் தூங்க, திடமான காப்பியும் பிரேசில் சுருட்டும் துணையாக உட்கார்ந்து எழுதி முடித்தேன் என்று பார்ட் பின்னர் மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. மே 29 முதல் 31 வரை வூப்பர்டால் நகரின் பார்மன் பகுதியில், கெமார்க்கே ஆலயத்தில் சினாடு கூடியது. லுத்தரன், சீர்திருத்த, ஐக்கியச் சபைகளிலிருந்து 139 பிரதிநிதிகள். அவர்களில் ஒரே ஒரு பெண், ஸ்டெஃபானி ஃபோன் மாக்கன்சன். கர்த்தருடைய பந்தியைப் பற்றிய சச்சரவால் 400 ஆண்டுகளாகப் பிரிந்திருந்தவர்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். தலைமை வகித்தவர், செப்டம்பர் சினாடில் கூச்சலிட்டு அடக்கப்பட்ட அதே கார்ல் கோக்.

அறிக்கையில் ஆறு பிரிவுகள். ஒவ்வொன்றும் வேதவசனத்தில் தொடங்கும். பிறகு நாங்கள் விசுவாசிப்பது இது என்று சொல்லும். பிறகு நாங்கள் தள்ளிவிடும் கள்ளப் போதகம் இது என்று சொல்லும். இந்த மூன்றாவது படிதான் அறிக்கையின் முதுகெலும்பு. இயேசுவே கர்த்தர் என்று சொல்ல முல்லருக்கும் தயக்கமில்லை; அதைச் சொல்லிக்கொண்டே ஹிட்லரையும் தேவனுடைய வெளிப்பாடு என்று அவரைச் சேர்ந்தவர்களால் சேர்த்துக்கொள்ள முடிந்தது. சத்தியத்தைச் சொல்வதோடு நின்றால் பொய் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முதல் பிரிவு, கிறிஸ்து என்ற ஒரே வார்த்தையைத் தவிர வேறு நிகழ்வுகளையும் வல்லமைகளையும் மனிதர்களையும் தேவனுடைய வெளிப்பாடாக ஏற்பதை வெளிப்படையாகத் தள்ளியது. மூன்றாம் பிரிவு, ஆளும் அரசியல் கருத்துக்கு ஏற்பச் சபை தன் செய்தியை மாற்றிக்கொள்வதைத் தள்ளியது. ஐந்தாம் பிரிவு, மனித வாழ்வு முழுவதற்கும் அரசே ஒழுங்கு என்ற உரிமைகோரலைத் தள்ளியது.

அறிக்கையோடு சபையாருக்கு ஒரு வேண்டுகோளும் போயிற்று. ஆவிகளைச் சோதித்துப் பாருங்கள், எங்களையும் சோதித்துப் பாருங்கள். நாங்கள் வேதத்துக்கு விரோதமாகப் பேசினால் எங்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்றார்கள் அந்தத் தலைவர்கள். வஞ்சகத்துக்கு எதிராக எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். எழுதுகிறவர் தம்மையும் சோதனைக்கு உட்படுத்தும் இந்த வரியின் நேர்மை அவற்றில் அரிது.

இரண்டு வாரங்களுக்குள் மறுமொழி வந்தது. ஜூன் 11-இல் ஆன்ஸ்பாக் நகரிலிருந்து ஆல்ட்ஹவுஸும் எலர்ட்டும் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை வெளியானது. குடும்பம், மக்கள், இனம் வழியாகவும் தேவனுடைய சித்தம் நம்மைக் கட்டுகிறது என்றும், தலைவரைக் கொடுத்ததற்காகத் தேவனுக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. சோதித்துப் பாருங்கள் என்ற அழைப்புக்குக் கற்றறிந்தவர்கள் கொடுத்த பதில் அது.

பார்மனைப் போற்றும் நூல்கள் வழக்கமாக இங்கே நின்றுவிடும். நம்மால் நிற்க முடியாது. அந்த ஆறு பிரிவுகளையும் எத்தனை முறை வாசித்தாலும் யூதரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து 16 மாதம் ஆகியிருந்தது, கடைகள் புறக்கணிக்கப்பட்டிருந்தன, பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சபைக்குள் வந்த பொய்யைக் கண்டவர்கள், அதே பொய் தெருவில் அயலானை அடித்தபோது பார்க்கவில்லை. நீமோல்லரே 1933 நவம்பரில், யூத வழிவந்த போதகர்கள் தாங்களாகவே அடக்கத்தோடு ஒதுங்கியிருப்பது நல்லது என்று எழுதினார். 1967-இல், முதிர்ந்த வயதில், போன்ஹோஃபரின் வரலாற்றைப் படித்த பார்ட் அதை எழுதிய எபர்ஹார்ட் பெத்கேக்குக் கடிதம் எழுதினார். யூதரின் காரியத்தைத் தீர்மானமான கேள்வியாக நான் வெளிப்படையாக எழுப்பாதது என் குற்றம் என்று அதில் ஒப்புக்கொண்டார். எழுப்பியிருந்தால் 1934-இல் அது ஏற்கப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்தே எழுதினார்.

இரண்டும் உண்மை. மயக்கத்தை எதிர்த்தவர்களிடமும் சத்தியத்தின் மேல் அன்பு பாதி அளவில்தான் இருந்தது.

முழுவதும் கண்டவர்கள் சபையின் மேல்மட்டத்தில் இல்லை. எலிசபெத் ஷ்மிட்ஸ் பெர்லினில் பெண்கள் பள்ளி ஆசிரியை. 1935-இல் யூதர் அனுபவிக்கும் கொடுமைகளை ஒவ்வொன்றாகத் திரட்டி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படும் அவமானம் வரை குறித்து, பெயர் போடாமல் ஒரு மனு எழுதினார். சுமார் 200 பிரதிகள் எடுத்து, பார்மன் அறிக்கையின் மேல் நின்று ஹிட்லரின் சபையை எதிர்த்த விசுவாச அறிக்கைத் திருச்சபையின் தலைவர்களிடம் சேர்த்தார். சபை ஏன் மௌனமாயிருக்கிறது என்பதே அந்த மனுவின் கேள்வி. பதில் வரவில்லை. 1938 நவம்பரில் யூத ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்ட பிறகு, இந்த அரசுக்காக இனிப் பாடம் நடத்த மனச்சாட்சி இடந்தராது என்று வேலையை விட்டார். பல பத்தாண்டுகள் அந்த மனு வேறொரு பெண்ணின் பெயரில் வழங்கியது. எழுதியவர் இவரே என்று உலகம் அறிந்தபோது அவர் இறந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

அதே 1938 நவம்பரில் தூரிங்கியாவின் பேராயர் மார்ட்டின் ஸாஸே ஒரு துண்டுநூல் வெளியிட்டார். லுத்தரின் பிறந்த நாளான நவம்பர் 10-இல் ஜெப ஆலயங்கள் எரிகின்றன என்று அதில் மகிழ்ந்தார். 1543-இல் லுத்தர் யூதருக்கு எதிராக எழுதிய கொடிய வரிகளை எடுத்துத் தொகுத்துக் கொடுத்தார். அந்த வரிகளை லுத்தர்தான் எழுதினார் என்பதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தைக் கடக்க எனக்கு மனமில்லை. பேராயர் இட்டுக்கட்டவில்லை. ஏறத்தாழ 400 ஆண்டுகள் சபை மறுத்துத் தள்ளாமல் நூலகத்தில் கிடந்த நஞ்சை எடுத்துப் பரிமாறினார்.

1939 மே 6-இல், லுத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டையில், ஜெர்மன் சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஆராய்ந்து அகற்றுவதற்கென்றே ஒரு கழகம் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வுத் தலைவர் ஜேனா பேராசிரியர் வால்ட்டர் குருண்ட்மன். 1940-இல் யூத அடையாளங்கள் நீக்கப்பட்ட புதிய ஏற்பாடு வெளியானது. அடுத்த ஆண்டு பாட்டுப் புத்தகம். அதில் அல்லேலூயா இல்லை, ஓசன்னா இல்லை, சீயோன் இல்லை. இயேசு கலிலேயர், ஆகவே யூதரல்ல என்று குருண்ட்மன் ஒரு நூலே எழுதினார். தாவீதின் குமாரனிடமிருந்து தாவீதைப் பறித்த அந்த வேலை, ஐரோப்பாவின் யூதர் ரயில்களில் ஏற்றப்பட்ட ஆண்டுகளிலும் தடையின்றி நடந்தது. பெர்லினின் மரியன்டார்ஃப் பகுதியில் 1935-இல் கட்டி முடிக்கப்பட்ட மார்ட்டின் லுத்தர் நினைவாலயம் இன்றும் நிற்கிறது. பிரசங்க பீடத்தின் மரச்செதுக்கில் இயேசுவைச் சூழ்ந்து நிற்பவர்களில் ஒரு படைவீரன். ஞானஸ்நானத் தொட்டியில் நாஜிக் கட்சியின் அதிரடிப்படைக்காரன் ஒருவன். அந்தத் தொட்டியின் முன்பாகக் குழந்தைகளை ஏந்தி நின்ற தாய் தகப்பன்மாருக்கு அது உறுத்தவில்லை.

விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஹிட்லருக்கு நிபந்தனையற்ற உறுதிமொழி எடுக்க மறுத்த பார்ட் வேலை இழந்து 1935-இல் பாசலுக்குத் திரும்பினார். 1936-இல் விசுவாச அறிக்கைத் திருச்சபை ஹிட்லருக்கு அனுப்பிய மனு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்ததற்காக, யூத வழிவந்த வழக்கறிஞர் ஃபிரிட்ரிக் வைஸ்லர் கைது செய்யப்பட்டார். சபை தன் ஊழியனைக் காக்க உறுதியாக நிற்கவில்லை. 1937 பிப்ரவரியில் ஸாக்சன்ஹவுசன் முகாமில் அவரை அடித்தே கொன்றார்கள். போதகர் பவுல் ஷ்னைடர் 1939-இல் புக்கன்வால்டில் இறந்தார். நீமோல்லர் 1937 முதல் 1945 வரை சிறையிலும் முகாம்களிலும் இருந்தார். போன்ஹோஃபரை 1945 ஏப்ரல் 9-இல் ஃபிளோசன்பூர்க்கில் தூக்கிலிட்டார்கள்.

போர் முடிந்தது. 1945 அக்டோபரில் ஷ்டுட்கார்ட் நகரில் நீமோல்லர் உள்ளிட்ட தலைவர்கள் குற்ற அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். இன்னும் துணிவாகச் சாட்சி சொல்லவில்லை, இன்னும் உண்மையாக ஜெபிக்கவில்லை என்று தங்களைக் குற்றப்படுத்திக்கொண்டார்கள். அதற்கே உள்நாட்டில் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. அந்த அறிக்கையிலும் யூதர் என்ற சொல் இல்லை. 1950 ஏப்ரலில் பெர்லினின் வைசன்ஸேயில் கூடிய நாடு தழுவிய சபையின் சினாடுதான், செய்யத் தவறியதாலும் மௌனமாயிருந்ததாலும் யூதருக்கு இழைக்கப்பட்ட குற்றத்தில் நாங்களும் பங்காளிகளானோம் என்று முதன்முறையாகச் சொன்னது. சிலுவைக்குப் பிறகும் இஸ்ரவேலுக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் மாறவில்லை என்றும் அறிவித்தது. முதுகில் குத்திய கதையில் தொடங்கிய மறுப்பைத் திருப்பிப்போட 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமும் 60 லட்சம் யூதரின் சாவும் தேவைப்பட்டன.

குருண்ட்மன் கிழக்கு ஜெர்மனியில் தொடர்ந்து எழுதினார். மாற்கு, லூக்கா, மத்தேயு சுவிசேஷங்களுக்கு அவர் எழுதிய விளக்கவுரைகளைப் பல ஆண்டுகள் போதகர்கள் பிரசங்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். கழகத்தைப் பற்றி அவரிடம் கணக்குக் கேட்டவர்கள் மிகச் சிலர். கிழக்கு ஜெர்மனியின் சபை அடுத்த 40 ஆண்டுகள் இன்னோர் அரசின் கீழ் எப்படி வாழ்ந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.